வவ்வால் மேல ஓடுறது எட்டுக்கால் பூச்சியா, ஈயா?

பெங்களூர்ல சிங்கப்பூர் செர்ரி மரம் இருக்கிற தெருவுல குடியிருக்கிற நம்மாளுங்க அப்பப்போ ஒரு போட்டோ அனுப்புவாங்க, "பால்கனில வவ்வால் விழுந்து கெடக்கு, அது முடிக்குள்ள எட்டுக்கால் பூச்சி ஓடுது, கடிக்குமா?"ன்னு. பூச்சிய விடுங்க, மொதல்ல அந்த வவ்வால வெறுங்கையால தொடாதீங்க, ரேபீஸ் ரிஸ்க் இருக்கு.

இப்போ போட்டோவ பெருசு பண்ணி கால எண்ணுங்க. ஆறு வந்தா அது சிலந்தி இல்ல. ஆனா ஆறு கால் மட்டும் பத்தாது, உண்ணிக்குஞ்சுக்கும் ஆறு கால்தான், ரத்தம் குடிச்சு உப்பாதப்போ அது ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, ஒடம்பு ஒரே பை மாதிரி இருக்கும். நம்ம ஆளு, அதாவது வவ்வால் ஈ, பொதுவா 2லேர்ந்து 5 மில்லிமீட்டர், நீளமான கால், நுனில கொக்கி மாதிரி நகம், முடிய இறுக்கிப் பிடிக்க.

அடுத்தது தல எங்க இருக்குன்னு தேடுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். முன்னாடி பாத்தா தலையே இல்லாத மாதிரி இருக்கும், ஏன்னா தல பின்பக்கமா மடங்கி முதுகு மேல ஒரு பள்ளத்துல படுத்திருக்கும், ரத்தம் குடிக்கும்போதுதான் முன்னாடி வரும். இத ஒரு போட்டோல பாத்துட்டா சந்தேகமே வேண்டாம், இது நிக்டெரிபிடேங்கிற வவ்வால் ஈ குடும்பம். ரெக்க சுத்தமா கெடையாது, ஆனா ஈ வகைல அநேகமா எல்லாத்துக்கும் பின்ரெக்கைக்குப் பதிலா இருக்கிற ஹால்டியர்ங்கிற குட்டிக் குமிழ் இதுக்கும் இருக்கு, பறக்கிற பரம்பரைதான்னு அது காட்டிக் குடுத்துடும். நல்ல மேக்ரோ லென்ஸ் இருந்தா சீப்புப் பல்லு மாதிரி வரிசையா முள்ளும் தெரியும்.

வயிறு உப்பலா இருந்தா அது கர்ப்பிணியா இருக்கலாம். இந்த ஈ முட்ட போடாது, ஆப்பிரிக்காவுல தூக்க நோய் பரப்புற ட்செட்சி ஈக்கு இது சொந்தம், அது மாதிரியே ஒரு நேரத்துல ஒரே ஒரு புழுவ வயித்துக்குள்ள வச்சு ஒரு சுரப்பிலேர்ந்து பால் குடுத்து முழுசா வளத்து, வவ்வால் தொங்குற எடத்துக்கு வந்து பெத்துப் போடும், அந்தப் புழு வெளிய வந்த கொஞ்ச நேரத்துலயே கூட்டுப்புழுவா மாறிடும். வவ்வால விட்டுப் பிரிஞ்சா வளந்த ஈ ரொம்ப நாள் தாங்காது, அதனால வீட்டுக்குள்ள பெருகிடுமோன்னு பயப்படாதீங்க.

புறா மேல இருக்கிற ஈய இதோட சேத்துக் கொழப்பிக்காதீங்க, அது தட்டையா இருக்கும், ரெக்க உண்டு.

எந்த இனம்னு கேட்டாதான் சிக்கல். ஈய மட்டும் க்ளோசப்ல எடுத்தா பத்தாது, வவ்வால் மூஞ்சி, ரெக்க, சைஸ் தெரியுற மாதிரி தூரத்துலேர்ந்து ஒரு படம் கட்டாயம் வேணும், ஏன்னா இந்த ஈங்க பெரும்பாலும் ஒரு வவ்வால் வகைய விட்டு இன்னொண்ணுக்கு மாறாது. பெரிய பழந்தின்னி வவ்வால்ல சைக்லோபோடியாங்கிற ஈ, நம்ம தெரு மரத்துக்கு வர்ற குட்டைமூக்கு பழந்தின்னில லெப்டோசைக்லோபோடியா, ரூசெட்டஸ்ங்கிற இன்னொரு பழந்தின்னில யூகாம்ப்சிபோடா. அதுனால வவ்வால் யாருன்னு தெரிஞ்சா ஈயோட பேரினம் (இனத்துக்கு ஒரு படி மேல உள்ள பிரிவு) வரைக்கும் நல்லா யூகிக்கலாம். அதுக்கு மேல இனம்னு உறுதியா சொல்ல வயித்துத் தகடு, இனப்பெருக்க உறுப்பு இதையெல்லாம் மைக்ரோஸ்கோப்புல பாக்கணும், போட்டோவ வச்சு அடிச்சுச் சொல்றவங்கள நான் நம்ப மாட்டேன். செத்த ஈ கெடச்சா இடுக்கியால எடுத்து சின்ன பாட்டில்ல ஸ்பிரிட்டுல போட்டு, தேதி, எடம், எந்த வவ்வால்னு பென்சில்ல எழுதின சீட்டையும் உள்ளயே போட்டு வைங்க, பேனா மை ஸ்பிரிட்டுல கரைஞ்சிடும்.