மாடியில் வெயில் உண்டு; காற்று உண்டா?

பெங்களூரு இராமமூர்த்தி நகரில் சொந்த வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு பெரியவர், பணி ஓய்வில் கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு 3 கிலோவாட் சோலாரும் அதனுடன் 1 கிலோவாட் காற்றாலையும் தம் மொட்டை மாடியில் பொருத்த விரும்பி, சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் என்னை அழைத்திருந்தார். அவருக்குப் பூர்வீகம் பணகுடி. முப்பந்தல் காற்றாலைகளைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துப் பழகிய கண்கள். "எங்க ஊருல காத்த வச்சே கோடிக்கணக்குல சம்பாதிக்காங்க சார், இங்க மூணாவது மாடியில அடிக்கிற காத்துக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டார். கொடியில் காயப்போட்டிருந்த வேட்டி படபடத்துக்கொண்டிருந்ததும் உண்மைதான்.

பெங்களூரு வீடுகளுக்குச் சோலார் அமைத்துத் தரும் மின்பொறியாளன் என்ற முறையில் இந்தக் கேள்வியைப் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். வேட்டி பறக்கும் காற்று வேறு, மின்சாரம் தரும் காற்று வேறு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 1 கிலோவாட் என்று விற்கப்படும் சிறு காற்றாலைகள் பெரும்பாலும் விநாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில், காற்று வீசும்போதுதான் அந்த அளவைத் தரும். அப்படியொரு காற்று நம் மாடியில் விடாமல் வீசினால் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பக்கத்துத் தெருவில்தான் தேட வேண்டியிருக்கும்.

அவர் மாடியில் நான்கு நாட்கள் கைக்கருவியால் காற்றை அளந்து பார்த்தேன். காற்றுக் காலமான ஆனியிலேயே அது விநாடிக்கு 3 மீட்டரைச் சுற்றித்தான் நின்றது. 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைச் சுழலியின் வழியே அந்த வேகத்தில் கடந்து செல்லும் காற்றின் மொத்தத் திறனே 45 வாட் அளவுதான். எவ்வளவு நேர்த்தியான இயந்திரமும் அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். வீட்டு அளவிலான சிறு இயந்திரங்கள் மூன்றில் ஒரு பங்கை எடுத்தாலே பெரிது. ஆக மிஞ்சுவது 15 வாட், நாள் முழுவதும் சுழன்றாலும் அரை யூனிட்டுக்கும் குறைவு. காற்று ஏறியும் இறங்கியும் வீசுவதால் உண்மையான விளைச்சல் இந்தச் சராசரிக் கணக்கைவிடக் கூடும் என்பதால் அதை இரட்டிப்பாக்கிக் கொண்டாலும் ஒரு யூனிட்டைத் தொடவில்லை. அதே மாடியில் ஒரேயொரு கிலோவாட் சோலார் ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு 4 யூனிட் தரும்.

முப்பந்தலின் கதையே வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயின் இடுக்கில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது; அந்தக் காற்றைத் திறந்த வெளியில், மிக உயர்ந்த கோபுரங்களின் மேல் நின்று காற்றாலைகள் பிடிக்கின்றன. நம் தெருவிலோ முப்பதுக்கு நாற்பது மனைகளில் மூன்று மாடியும் நான்கு மாடியுமாகச் சுவர்கள் நெருங்கி நிற்பதால், காற்று மோதி, சுழன்று, திசை மாறி மாறி வருகிறது. சுழலி அந்தக் காற்றில் திரும்பித் திரும்பியே தேய்கிறது. அதன் அதிர்வு கான்கிரீட் வழியே இறங்கிப் படுக்கையறையில் உறுமலாகக் கேட்கிறது. சுற்றிலும் 300 அடிக்குள் உள்ள எந்தத் தடையையும்விட 30 அடி உயரத்தில் சுழலி இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பழைய வழக்கம். 1887-இல் ஸ்காட்லாந்தின் மேரிகர்க்கில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் காற்றாலை அமைத்துத் தம் கோடைக்கால வீட்டுக்கு விளக்கேற்றியபோதும் அதைத் தோட்டத்தில்தான் நிறுத்தினார், கூரையில் அல்ல. கோலார் பக்கமோ ஓசூர் பக்கமோ மேட்டு நிலத்தில் பண்ணை வீடு வைத்திருப்பவர், ஓராண்டு காற்றை அளந்துவிட்டு வந்தால், ஆடி மாத மேகத்தில் சோலார் குறையும்போது காற்று அதை ஈடுகட்டும் என்ற வாதத்தை நான் மறுக்க மாட்டேன். நகரத்து மாடிக்கு மட்டும் நான் காற்றாலையைப் பரிந்துரைப்பதில்லை.

வெயிலின் கணக்கில் பெங்களூருக்கு ஒரு நற்பேறு உண்டு. சோலார் தகடுகள் வெயிலை விரும்புமே தவிர வெப்பத்தை விரும்புவதில்லை. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறையும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்த ஊரின் மிதமான வெப்பநிலை அந்த இழப்பைச் சற்றுக் குறைக்கிறது. இங்கும் நண்பகலில் தகட்டின் சூடு 55 டிகிரியைத் தாண்டும் என்பதால், 3 கிலோவாட் போட்ட வீட்டில் கைப்பேசிச் செயலி 2.4 அல்லது 2.5 என்று காட்டினால் பதறி என்னை அழைக்க வேண்டியதில்லை, அது இயல்புதான்.

பதற வேண்டியது நிழலைக் கண்டு. தகடுகளைத் தொடராக இணைப்பதால், ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல் அந்தத் தகட்டை மட்டும் பாதிப்பதோடு நிற்காமல் மொத்த வரிசையின் விளைச்சலையும் கீழே இழுக்கக்கூடும்; நிழல் பட்ட பகுதியைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்திவிடும் பைபாஸ் டையோடுகள் உள்ளே இருந்தாலும் அவை சேதத்தைக் குறைக்குமே அன்றி நீக்கா. தென்புறத்து நல்ல வெயிலையெல்லாம் ஏற்கெனவே சோலார் வாட்டர் ஹீட்டரும் சின்டெக்ஸ் தொட்டியும் பிடித்துக்கொண்டிருக்கும். வாட்டர் ஹீட்டரே மின்சாரமும் தருகிறது என்று நினைத்திருந்த வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். 1 கிலோவாட்டுக்கு நிழல் படாத நூறு சதுர அடி வேண்டும். ஆகவே காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என்று மூன்று வேளையும் மாடியில் ஏறி நிழலைப் படமெடுத்து வையுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது எடுத்தால் இன்னும் நல்லது. பக்கத்து மனைக்காரர் இன்னொரு மாடி எழுப்பப் போகிறாரா என்றும் நாசூக்காக விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியாலும் அளக்க முடியாத நிழல் அதுதான்.

அடுத்து மின்கட்டண ரசீது. கர்நாடகத்தில் 2023 முதல் நடப்பிலுள்ள கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரம்புக்குள் கட்டணமே இல்லாமல் வாழும் குடும்பம், சோலாருக்குக் கடன் வாங்கினால் இல்லாத செலவை மிச்சப்படுத்தியதாகத்தான் ஆகும்; அத்தகையவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நம் பெரியவர் வீட்டில் மேல்மாடிக் குடித்தனமும் அதே மீட்டரில் இருந்ததால் மாதம் 380 யூனிட் ஓடியது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் தனி வீட்டுக்கு மானியம் அவ்வளவுதான். உள்நாட்டில் தயாரான செல்களைக் கொண்ட தகடாக இருந்தால்தான் அது கிடைக்கும் என்பதைத் தரகர்கள் சிலர் சொல்லாமல் விடுவார்கள். நிலைக்கட்டணம் சோலார் போட்டாலும் தொடரும் என்பதால், "பில்லே வராது" என்னும் விளம்பரத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

என்னிடம் வரும் மனக்கசப்புகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் பிறக்கின்றன. பேட்டரி இல்லாமல் தெரு மின்கம்பியோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தும்போது, லட்சங்களைக் கொட்டியவர் வீட்டிலும் மின்விசிறி நின்று போகும். இது பழுதன்று. மின்கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் கம்பி செத்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கும் நேரத்தில், நம் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குள் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே, தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அவ்வாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. இதை ஒப்பந்தத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லாதவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். மின்வெட்டிலும் வீடு ஓட வேண்டுமானால் பேட்டரியோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும். செலவு கணிசமாக ஏறும். விளக்குக்கும் விசிறிக்கும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் யுபிஎஸ்ஸே போதும் என்பது என் கருத்து.

கம்பி வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தகட்டிலிருந்து இறங்குவது நேர்மின்சாரம். மாறுமின்சாரத்தைப் போல நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதில்லை என்பதால், தளர்ந்த இணைப்பில் பொறி பிறந்தால் அது தானாக அணையாமல் நின்று எரியும். வேறொரு நிறுவனம் அமைத்துவிட்டுப் போன ஒரு மாடியில், இரு வேறு தயாரிப்புகளின் இணைப்பிகளைப் பலவந்தமாகப் பொருத்தியிருந்ததால் பிளாஸ்டிக் உருகி, தகட்டின் பின்புறம் கருகியிருந்ததை நானே பிரித்து எடுத்தேன். நல்ல எர்த்திங், இடிதாங்கி, மின்னெழுச்சித் தடுப்பு ஆகியவை விலைப்பட்டியலில் தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். போர்வெல் தண்ணீரில் தகட்டைக் கழுவி அப்படியே உலர விட்டால் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில், தகடு சூடேறுவதற்கு முன் விடியற்காலையில் கழுவுவது நல்லது.

பெரியவர் காற்றாலையைக் கைவிட்டார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தொட்டிக்கு மேலாகத் தகடுகளை உயர்த்தும் இரும்புச் சட்டத்துக்கும், அது காற்றில் பெயர்ந்துவிடாதபடி தூண்களோடு சேர்த்துப் பிணைப்பதற்கும் செலவிட்டோம். மாதம் 350 யூனிட் வருகிறது. மழை மாதங்களில் குறைகிறது. மாலை மூன்று மணிக்கு மேல் கடைசித் தகட்டில் நிழல் வீழ்த்தும் துணிக்கொடியை வடக்குப் பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் அவர் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.