வார்டு ஒதுக்கீடு: குமரி மாவட்டத்தில் தலைக்கணக்கு எப்படிப் போகிறது?

"எங்க காலனியிலதான் இத்தனை வீடு இருக்கே, பிறகு எப்படி வார்டு பொதுவாச்சு?" பஞ்சாயத்துத் தேர்தல் பேச்சு வந்தால் குமரி மாவட்டத்தில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் புரட்ட வேண்டும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சொல்வது எளிது. ஊராட்சியின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எந்தப் பங்கோ, ஏறக்குறைய அதே பங்கு வார்டுகள் அவர்களுக்கு. பழங்குடியினருக்கும் அப்படியே. ஒரு பேச்சுக்கு, 6,000 பேரில் 600 பேர் பட்டியல் சாதி, வார்டு ஒன்பது என்றால் அவர்களுக்கு ஒன்று கிடைக்கும். அவர்கள் விகிதம் கூடுதலாக உள்ள வார்டு முதலில் வரும், பிறகு சுழற்சியில் மாறும். 2016-இல் வந்த திருத்தத்தின்படி பெண்களுக்குப் பாதி இடம்.

கடைசியாக வெளியான கணக்கெடுப்புதான் அடிப்படை. 2019 தேர்தலில் 2011 கணக்கைத்தான் பார்த்தார்கள். அன்று எண்ணப்பட்ட கைக்குழந்தைகள் இன்று பத்தாம் வகுப்புப் பருவத்தில் இருக்கிறார்கள்!

அந்த 2011 கணக்கில் மாவட்டத்தில் 18,70,374 பேர். பட்டியல் சாதியினர் 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. தமிழகம் முழுக்க எடுத்தால் 20 சதவீதம். இந்த வித்தியாசத்துக்கு முக்கியமான ஒரு காரணம், 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது அது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. குமரியிலோ கிறிஸ்தவர்கள் சுமார் 47 சதவீதம்.

ஆகவே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி சர்ச்சுக்கும் போனால், அண்ணன் வீடு பட்டியல் சாதிக் கணக்கில் ஏறும். தம்பி வீடு ஏறாது. தமிழ்நாட்டில் தம்பிக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். காலனி ஒன்று, கஷ்டம் ஒன்று, தலைக்கணக்கு மட்டும் இரண்டு. இது நியாயமா என்ற வாதம் நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிக்காரர் எந்த மதத்தைப் பின்பற்றினாலும் பழங்குடிதான்.

பட்டியலில் ஊர் எல்லையும் பேசும். வண்ணார் சமூகம் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை தாலுகாவிலும் பட்டியல் சாதி. தமிழகத்தின் மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். இந்தப் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததன் மிச்சம் இது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வகுப்பு மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுக்க வருபவரிடம் சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. வீட்டார் சொல்வதை எழுதிக்கொள்வார். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி அந்தத் தாளை வேறு யாரும் பார்க்கவோ, வழக்கில் சாட்சியமாகக் காட்டவோ முடியாது. அதனால் தயக்கமில்லாமல் உள்ளதைச் சொல்லலாம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இம்முறை எல்லாச் சாதியும் கேட்கப்படும்.

உங்கள் ஊர் எண்ணிக்கை கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் கிராமவாரியாக இருக்கிறது. ஆனால் அதில் கிராமம் என்பது வருவாய் கிராமம். பஞ்சாயத்து எல்லை வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வார்டு வரையறை வரைவு வெளியாகும்போது கொடுக்கிற கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள்.