ஒரு பாட்டிலாவது ஏற்றுங்கள், டாக்டர்

சென்ற வாரமும் அதே வேண்டுகோள். வயிற்றுப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவிய வயதான அம்மா. கண் திறப்பதே அரிதாகிவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் சொல்லி வீட்டிலேயே தினமும் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். நான் போனபோது கை வீங்கி, வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. நரம்பு கிடைக்காமல் குத்திய இடமெல்லாம் புறங்கையில் கன்றிப்போயிருந்தது. தொண்டையில் சளி கரகரத்தது. பாட்டிலை நிறுத்தலாம் என்றேன். மூத்த மகனுக்குக் கோபம் வந்துவிட்டது: "பெற்ற தாயைப் பட்டினி போட்டு அனுப்பச் சொல்கிறீர்களா, டாக்டர்?"

இல்லை. வீடு வீடாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியும் வைக்கிறேன். சாப்பிடாததால் அந்த அம்மாவின் உடல் ஓயவில்லை. உடல் ஓய்ந்துகொண்டிருப்பதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நிலையில் பெரும்பாலோருக்குப் பசியே எடுப்பதில்லை. பசிப்பது பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு.

சரி, பாட்டிலில் என்னதான் இருக்கிறது? அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய 85 கலோரி, ஒன்றிரண்டு இட்லியில் இருப்பது. மற்றதெல்லாம் தண்ணீர். இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த உடம்பில் அந்தத் தண்ணீர் கையிலும் காலிலும் நுரையீரலிலும் போய்த் தேங்குகிறது. மூச்சு வாங்குகிறது, கரகரப்பு கூடுகிறது, அதைப் பார்த்து இன்னொரு பாட்டில் கேட்கிறார்கள்! வாந்தி, வயிற்றுப்போக்கில் நீர்வற்றிப் போனவருக்கு டிரிப் உயிர் காக்கும். அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது கடைசி நாட்களைப் பற்றி. உள்ளதைச் சொன்னால், அந்தப் பாட்டில் விசாரிக்க வரும் சொந்தக்காரர்களுக்காகத் தொங்குகிறது. "கடைசிவரை நன்றாகப் பார்த்தார்கள்" என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே.

பார்ப்பதென்றால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் வாயையும் நாக்கையும் துடையுங்கள். உதட்டில் கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கள். பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது, விழுங்க முடிந்தால், கேட்பதைக் கரண்டியில் கொடுங்கள். காப்பி கேட்டால் காப்பிதான். சர்க்கரை அளவெல்லாம் இனி யாருக்காக? விழுங்க முடியாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். பால் ஊற்றும் வழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு கெஞ்சல்: விரலைப் பாலில் தொட்டு உதட்டை நனையுங்கள், போதும். வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

மார்ஃபின் என்றதும் பதறுகிறவர்களுக்காக ஒரு வரி. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் தகுந்த அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. வலியில் துடிக்கவிடுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

வென்டிலேட்டர் கதை இதைவிடப் பெரிது. நோய் முற்றியது மாதக்கணக்கில் தெரியும்; ஆனாலும் ஐசியூ வாசலில் கையெழுத்துக் கேட்கும்போதுதான் குடும்பம் முதன்முதலாகப் பேச ஆரம்பிக்கிறது. கூட இருந்து மலம் அள்ளிய மகள் மெதுவாக "வேண்டாம்" என்பாள். வெளிநாட்டிலிருந்து போனில் பேசும் மகன் "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்பார். குற்ற உணர்வுக்குக் குரல் கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும். கடைசியில், உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, வீட்டுக்கு வந்ததும் பிடுங்குவார்கள். வலிக்கு ஒரு மருந்துகூடக் கையில் இருக்காது. இத்தனைக்கும் நடுவில் படுத்திருப்பவரை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், உடைந்துபோவார்" என்பார்கள். அப்பாவுக்கு எப்போதோ தெரியும். பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவர் வாய் திறக்காமல் இருக்கிறார்.

கேளுங்கள். "எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது? கடைசி நாட்களில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள், ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா?" இந்த இரண்டு கேள்வியில் ஆரம்பித்தால் போதும். சொன்னதை எழுதி வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாழ்வை நீட்டிக்க மட்டுமே உதவும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையை 2023 ஜனவரியில் நீக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். எழுதாமல் விட்டவர்களுக்கும் வழி உண்டு: குடும்பத்தின் சம்மதத்தோடு இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவு செய்யும். "கேஸ் ஆகிவிடும்" என்று மிரட்டும் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு, அது இங்கே குற்றம்தான்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வீட்டுக்கு ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசட்டும், ஏழு பேர் ஏழு விதமாகக் கேட்க வேண்டாம். மூச்சு விட்டுவிட்டு வரும், கை கால் சில்லிடும் என்பதை நர்ஸிடம் பகலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நள்ளிரவில் அதைப் பார்த்துப் பயந்து 108-ஐ அழைத்தால், அவர்கள் நெஞ்சை அழுத்தி, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். அது அவர்கள் வேலை. யாரை அழைப்பது என்று எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.