இடமில்லாத இடங்களின் வரைபடம்

பச்சைத் தோலில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று நறுக்குங்கள். கீழ் முனையில் சிறு எடை கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடேற்றுங்கள். 50 டிகிரியில் ஒன்றும் நடக்காது. 55-இலும் நடக்காது. 60-ஐத் தாண்டி 65-ஐ நெருங்கும்போது கீற்று வெடுக்கென்று சுருங்கி, தடித்து, ரப்பர் துண்டு போலாகிவிடும். ஆறவைத்தாலும் பழைய நீளம் திரும்பாது. தோல் தொழிலில் இதற்குச் சுருக்க வெப்பநிலை என்று பெயர். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் 80 டிகிரியை ஒட்டித் தாங்கும். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் அசையாது. அதன் எல்லையை அளக்க வேண்டுமென்றால் தண்ணீரில் கிளிசரின் கலந்து 100-ஐத் தாண்ட வேண்டும்.

சுருக்கம் கொஞ்சங்கொஞ்சமாக வராமல் ஒரே வீச்சில் வருவதைக் கவனியுங்கள். பனிக்கட்டி உருகுவதும் இப்படித்தான். ஒழுங்காக அடுக்கிய ஏதோ ஒன்று அங்கே குலைகிறது. அது கொலாஜன் என்ற புரதம்.

கயிறு திரிப்பவர்கள் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். பிரிய முயன்றால் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். கொலாஜன் மூலக்கூறின் அமைப்பும் அதுவே. சுமார் 1,000 அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றும் இடப்பக்கச் சுருள். மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். பென்சில் தடிமனுக்குப் பெரிதாக்கினால் ஒன்றரை மீட்டர் நீளக் கம்பி.

இந்த முப்புரியைக் கண்டுபிடித்தது சென்னையில். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனும், அவருடன் பணிபுரிந்த கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். அவர்களுக்கு நல்ல எக்ஸ்-கதிர்ப் படம் தந்தது கங்காரு வாலின் தசைநாண். நல்ல படம் என்றாலும் அதில் இருந்தவை சில மங்கலான திட்டுகளே. இழையின் நீளவாக்கில் 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைக் காட்டும் ஒரு வில். குறுக்குவாக்கில் மூலக்கூறுகளுக்கு இடையிலான தூரத்தைக் காட்டும் ஒரு புள்ளி. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு.) 2.9 என்ற எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1951-இல் முன்வைத்த, புரதச் சங்கிலிகளில் பரவலாக வரும் ஆல்ஃபா சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம்தான் ஏற்றம். ஆக, கொலாஜன் சங்கிலி ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுத்து நீட்டிய ஒன்று.

மீதிக் கதையைச் சொன்னது வேதியியல் பகுப்பாய்வு. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன். தோராயமாக அல்ல, கிட்டத்தட்டச் சரியாக மூன்றில் ஒன்று. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. பக்கக் கிளை என்று சொல்ல ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் வந்தால், மூன்று சங்கிலிகளும் ஒட்டிக்கொள்ளும் நடு அச்சை நோக்கி அந்த இடங்கள் எல்லாம் திரும்பி நிற்கும். அங்கே ஹைட்ரஜனுக்கு மேல் எதற்கும் இடம் கிடையாது. முதல் வடிவத்தில் மூன்று சுருள்களும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன. 1955-இல் அவற்றையும் ஒன்றோடொன்று முறுக்கி, கயிறாக்கினார்கள்.

நடுவில் இடம் இல்லை என்பது வெறும் வடிவியல் நயம் அல்ல. கிளைசீனுக்கு அடுத்த பெரிய அமினோ அமிலம் அலனின். ஒரு மீத்தைல் குழு மட்டுமே அதிகம். ஒரேயோர் இடத்தில் கிளைசீனுக்குப் பதில் அலனினை வைத்த கொலாஜன் துண்டின் படிக அமைப்பு 1994-இல் வெளியானது. அந்த இடத்தில் சங்கிலிகள் விலகி, நேரடி ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, இடையில் தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்திருந்தன. உடலில் இதே மாற்றம் நேர்ந்தால் எலும்பு சுலபமாக முறியும் பிறவி நோய் வரலாம். ஆயிரத்தில் ஓர் எழுத்துப் பிழைக்கு இவ்வளவு விலை.

மற்ற இரண்டு இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் அடிக்கடி வரும். இரண்டுமே வளையம் போட்டுக்கொண்டவை. அதனால் சங்கிலி விருப்பப்படி வளையாது. ஹைட்ராக்சிபுரோலினின் பங்கைச் செயற்கைத் துண்டுகளில் அளந்திருக்கிறார்கள். புரோலின்-புரோலின்-கிளைசீன் என்று பத்து முறை அடுக்கியது 41 டிகிரியில் குலைகிறது. இரண்டாவது புரோலினுக்குப் பதில் ஹைட்ராக்சிபுரோலின் வைத்தால் 69 டிகிரி. புரோலினில் அந்த ஹைட்ராக்சில் குழுவைச் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காத மாலுமிகளுக்கு ஈறு அழுகிப் பழைய புண்கள் பிளந்த ஸ்கர்வி நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. குளிர்ந்த கடலில் வாழும் காட் மீனின் கொலாஜனில் இவை குறைவு. கரைசலில் அது 15 டிகிரியை ஒட்டியே குலையும். பாலூட்டிகளுடையது 40 டிகிரி வரை தாங்கும். மீன் குழம்பு ஒரு கொதியில் வெந்துவிட, ஆட்டுக்கால் மணிக்கணக்கில் வேக வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாயா ஆறியதும் கெட்டியாவது பிரிந்த சங்கிலிகள் மறுபடி பின்ன முயல்வதால். ஆனால் யார் யாரோடு, எந்த இடத்தில் என்ற கணக்குத் தப்பிவிடுவதால் கயிறு அமையாமல் வலைதான் அமைகிறது. அதுதான் ஜெலட்டின்.

கரைசலில் 40 டிகிரியில் குலைவது தோலுக்குள் 60-ஐத் தாண்டியும் நிற்பதற்குக் காரணம் நெருக்கம். மூலக்கூறுகள் 67 நானோமீட்டர் தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டு, குறுக்கே பிணைந்திருக்கின்றன. பிரிந்தாலும் உதற இடம் இல்லாத கூட்டத்தில் சங்கிலிக்குப் பிரிவதில் லாபம் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளின் டிரம்களில் நடப்பது இந்த நெருக்கத்தை இன்னும் இறுக்கும் வேலை. உப்பும் அமிலமும் சேர்ந்த பிக்கிளில் தோலின் பிஹெச்சை 3-க்குக் கீழே இறக்கிவிட்டுக் குரோமைப் போடுவார்கள். அந்த அமிலத்தில் கொலாஜனின் கார்பாக்சில் குழுக்கள் குரோமைப் பிடிக்காது. அதனால்தான் குரோம் தடையின்றி நடுத் தோல்வரை ஊடுருவும். பிறகு சோடியம் பைகார்பனேட்டைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மூன்று நான்கு தவணையாக, சில மணி நேரத்தில் பிஹெச்சை 3.8 அல்லது 4-க்கு ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கொட்டினால் வெளிப்பரப்பு உடனே குரோமைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்துவிடும். வெட்டிப் பார்த்தால் இரண்டு ஓரமும் நீலம், நடுவே வெளிறிய கோடு. கொதிநீர்ச் சோதனையில் அந்த நடுக்கோடு மட்டும் சுருங்க, துண்டு முறுக்கிக்கொள்ளும்.

சென்னை வடிவத்துக்கு உடனே மறுப்பு வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் 1955-இல், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று ராமச்சந்திரன் சொன்னதை ஒன்றாகக் குறைத்தார்கள். இரண்டு வைத்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடுகின்றன என்பது குற்றச்சாட்டு. பிணைப்பின் எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதே நின்றது. ஆனால் அளவுக்கு மீறி என்றால் எவ்வளவு? அந்த அளவை யாரும் ஒழுங்காக வரையறுத்திருக்கவில்லை. தோற்றுப்போன வாதத்திலிருந்து பிறந்த இந்தக் கேள்விதான், என் கணிப்பில், கொலாஜனைவிடப் பெரிய கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது.

அதுவரை வெளியான சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் துழாவி, பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் வழக்கமாகக் குறைந்தது 3.2 ஆங்ஸ்ட்ராம், மிக நெருங்கினால் 3.0. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2.8, மிக நெருங்கினால் 2.7. இரண்டு ஹைட்ரஜனுக்கு 2.0, மிக நெருங்கினால் 1.9. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் செய்த கணக்கு, சொல்வதற்கு எளிது.

அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு ஓரளவு இரட்டைப் பிணைப்பு. அட்டை போல் தட்டையாக விறைத்து நிற்கும். ஆகவே புரதச் சங்கிலி என்பது மூலையோடு மூலை கோத்த அட்டைகளின் மாலை. ஒவ்வொரு மூலையிலும் பக்கக் கிளையைத் தாங்கும் ஓர் ஆல்ஃபா கார்பன். அதன் இரு பக்கமும் இரண்டு திருப்பங்கள் மட்டுமே சாத்தியம்: நைட்ரஜன் பக்கத்துத் திருப்பம் ஃபை, கார்பனைல் (ஆக்சிஜன் ஒட்டிய கார்பன்) பக்கத்துத் திருப்பம் சை. ஒரு திருப்பத்தை 10 டிகிரி விட்டுப் பார்த்தால் 36 நிலை. இரண்டுக்கும் சேர்த்து 1,296. ஒவ்வொன்றிலும் எல்லா அணுக்களின் இருப்பிடத்தையும் கணக்கிட்டு, ஜோடி ஜோடியாகத் தூரத்தை எடுத்து, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு ஜோடி முட்டினாலும் அந்தக் கட்டத்தை அடித்துவிடலாம்.

ஃபை சுழியத்துக்கு அருகே வந்தால் முந்தைய அட்டையின் ஆக்சிஜன் அடுத்த கார்பனைல் கார்பன்மேல் ஏறிவிடும். 120-ஐ ஒட்டிப் போனால் அதே ஆக்சிஜன் பக்கக் கிளையின் முதல் கார்பனில் முட்டும். இப்படியே அடித்துக்கொண்டு போனால் வரைபடத்தில் முக்கால் பங்குக்கு மேல் காலி. மிஞ்சியவை சில தீவுகள். ஃபை −57, சை −47 என்ற இடத்தில் ஆல்ஃபா சுருள். மேல் இடது மூலையில், நீட்டிய சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கிய பீட்டா தகடு. அதே தீவின் ஓரத்தில், −70-ஐயும் 150-ஐயும் ஒட்டி, கொலாஜன். பாலிங்கின் சுருள் தானாகவே அனுமதி எல்லைக்குள் விழுந்தது இந்த எளிய கணக்குக்குக் கிடைத்த முதல் சான்று. கிளைசீனுக்கு மட்டும் பக்கக் கிளைக் கார்பன் இல்லாததால் வரைபடம் விரிந்து, இரு பக்கமும் சமச்சீராகிறது. வேறு எவராலும் போக முடியாத வலப்பக்கத்தில் ஒரு புள்ளி தென்பட்டால் அது பெரும்பாலும் கிளைசீன்தான்.

பழைய கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அன்று முழுதாக நீட்டிய சங்கிலியைச் சுழியமாக வைத்தார்கள். 1970-க்குப் பிறகு அதே நிலை 180. பழைய தாளில் ஆல்ஃபா சுருள் 123, 133 என்று இருந்தால் பிழையல்ல, 180-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

அதே ராமச்சந்திரன் 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு எழுதிய கட்டுரை வேறு துறையினது போலத் தோன்றும்: பல கோணத்து எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து ஒரு பொருளின் உட்புறத்தை எப்படித் திரும்பக் கட்டுவது? முடியும் என்று கணிதர் ஜோஹன் ராடன் 1917-இலேயே நிறுவிவிட்டார். அது தெரியாமலே இயற்பியலாளர் ஆலன் கார்மாக் 1963-இல் தனி வழியில் வந்து சேர்ந்தார். எப்படிச் சுருக்கமாகச் செய்வது என்பதுதான் பாக்கி.

நிழல்களை அவை வந்த திசையிலேயே திருப்பிப் பூசினால், ஒரு புள்ளி புள்ளியாக வராது. எல்லாக் கோணத்துக் கோடுகளும் குவிந்து, சுற்றிலும் மங்கிய நட்சத்திரமாக வரும். நிழலைப் பல அதிர்வெண் அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே வழியில் இதைத் திருத்தலாம், ஆனால் வட்டக் கட்டத்திலிருந்து சதுரக் கட்டத்துக்கு எண்களை மாற்றும்போது பிழை நுழையும். இருவரும் சொன்ன வழி: பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலிலும் ஒரு சிறு திருத்தம். நிழலில் ஓர் இடத்தில் 1 இருந்தால் அங்கே 1/4 வையுங்கள். இரு பக்கமும் முதல் இடத்தில் −0.1013, இரண்டாம் இடத்தில் 0, மூன்றாவதில் −0.0113, நான்காவதில் 0, ஐந்தாவதில் −0.0041. அதாவது, பை-இன் வர்க்கத்தில் ஒன்றை, ஒற்றை எண்களின் வர்க்கத்தால் வகுத்துக்கொண்டே போவது. பூசும்போது இந்தக் குறை எண்கள் நட்சத்திரத்தின் கைகளை அழித்துவிடும். பெருக்கலும் கூட்டலும் போதும். கருவி சுற்றிக்கொண்டிருக்கும்போதே வந்த நிழலைத் திருத்திப் பூசிவிடலாம். சி.டி. ஸ்கேன் உலகம் இதை ராம்-லாக் வடிகட்டி என்கிறது.

எல்லா எண்களையும் கூட்டினால் சரியாகச் சுழியம். கணிதர் ஆய்லர் 1730-களில் தீர்த்த பழைய புதிரிலிருந்து இது வருகிறது: எண்களின் வர்க்கத் தலைகீழ்களின் கூட்டுத்தொகை பை-வர்க்கத்தில் ஆறில் ஒன்று, ஒற்றை எண்களுக்கு மட்டும் எட்டில் ஒன்று. ஐந்தாம் இடத்தோடு நிறுத்திவிட்டால் 0.0167 மிஞ்சும்; படம் முழுக்க அந்த மிச்சம் ஏறும். நிரல் எழுதுபவர்கள் செய்யும் பிழை இன்னொன்று. அதிர்வெண் பக்கத்தில் நேராக ஒரு சரிவுக் கோட்டைப் போட்டு, தொடக்கத்தில் சுழியம் வைத்துவிடுவார்கள். படம் கிண்ணம் போல் நடுவில் இருண்டுவிடும். மேலே சொன்ன எண்களைப் போட்டு, நிழலின் நீளத்துக்கு இரு மடங்கு வரை சுழியங்களால் நிரப்பிய பிறகே மாற்ற வேண்டும். இந்த வடிகட்டி நுண்விவரத்தோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவதால், மருத்துவப் படங்களில் அதன் உச்சியைக் கொஞ்சம் தணித்தே பயன்படுத்துகிறார்கள்.

1971 கட்டுரையின் தலைப்பிலேயே எக்ஸ்-கதிர்ப் படங்களோடு எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும் இருந்தன. உறையவைத்த மாதிரியைச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுக்கும் உறைநிலை எலெக்ட்ரான் டோமோகிராஃபியில் இன்றும் இந்த வகை வடிகட்டலும் பூசலும் நடக்கின்றன. அங்கே மாதிரியை 60 டிகிரிக்கு மேல் சாய்த்தால் கற்றை கடக்க வேண்டிய தடிமன் கூடிவிடும். பக்கவாட்டு நிழல்கள் கிடைக்காமல் படம் ஒரு திசையில் இழுபட்டு நிற்கும். அந்தப் படத்துக்குள் அணுக்களைப் பொருத்தியதும் செய்யும் சோதனைகளில் ஒன்று 1963-இன் வரைபடம். நல்ல மாதிரியில் வெளியே விழும் புள்ளிகள் 0.2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. படம் மங்கலாக இருக்கும்போது, புள்ளிகளைத் தீவுக்குள்ளேயே இழுத்து வைக்கும்படி மென்பொருளுக்குக் கட்டளை கொடுக்கலாம். அப்படிச் செய்த மாதிரியில் ஒரு புள்ளியும் வெளியே விழாது. விழாததால் எதுவும் நிரூபணமாகவும் இல்லை. அங்கே புள்ளிகள் தீவுக்குள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். உண்மையான புரதத்தில் அவை ஆழமான நடுப்பகுதியில் குவியும். இழுத்து வைக்கப்பட்டவை கரையோரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.