பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி: சம ஊதியச் சட்டம் எதுவரை வரும்?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கலவை போட்டுக் கொடுக்கும் ஆண் பெரியாள். அந்தக் கலவையைச் சட்டியில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு சாரத்துக்கு ஏறும் பெண் சித்தாள். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது இரண்டு பேருக்கும் ஒரே தொகை கிடையாது. ஏன் என்று கேட்டால் "பெரியாள் கூலி வேற, சித்தாள் கூலி வேற" என்பார் மேஸ்திரி, அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆளுக்கு வைத்த பெயரிலேயே கூலியையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம்.

ஆண், பெண் சம்பள வித்தியாசத்துக்கு என்ன காரணம் என்ற வாக்குவாதம் வரும்போதெல்லாம் ஒரு பக்கம் "எல்லாம் பாகுபாடுதான்" என்பார்கள், இன்னொரு பக்கம் "பெண்கள் லேசான வேலையை எடுத்துக்கொள்கிறார்கள், குறைந்த நேரம் பார்க்கிறார்கள், பிள்ளை பிறந்தால் லீவு போடுகிறார்கள், அப்புறம் எப்படி ஒரே சம்பளம் வரும்" என்பார்கள். இந்த இரண்டு பேரும் பல நேரம் இரண்டு வேறு வித்தியாசங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரே வேலை பார்த்தும் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுப்பது ஒன்று. நாடு முழுக்க எல்லா ஆண்களின் சராசரியையும் எல்லாப் பெண்களின் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் இடைவெளி இன்னொன்று. மத்திய அரசு எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்புகளில் மாதச் சம்பளக்காரப் பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவாக வாங்குகிறார்கள், அன்றாடக் கூலியில் இடைவெளி இன்னும் பெரிது. சட்டம் நேரடியாகக் கை வைப்பது முதல் வகையில் மட்டும்தான். இது தெரியாததால் தனக்கு உரிமை இருக்கிறது என்றே தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள், சட்டத்தால் முடியாததை அதனிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசு தன் கொள்கையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சம ஊதியம் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம், சர்வதேசப் பெண்கள் ஆண்டான 1975-ல் அவசரச் சட்டமாக வந்து, 1976-ல் சம ஊதியச் சட்டமாக நிறைவேறியது. இப்போது அந்தச் சட்டம் தனியாக இல்லை. அதை ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-க்குள் சேர்த்துவிட்டார்கள், அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே யாராவது 1976 சட்டத்தைக் காட்டி விளக்கினால் அது பழைய கதை, இன்றைக்குப் பார்க்க வேண்டியது புதிய தொகுப்பின் 3-ஆவது பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ஒரே முதலாளியிடம், ஒரே நிறுவனத்திலோ அதன் ஒரு பிரிவிலோ, அதே வேலையை அல்லது அதைப் போன்ற வேலையைச் செய்கிறவர்களுக்குள் பாலினத்தைக் காரணம் காட்டி ஊதியத்தில் வேறுபாடு வைக்கக் கூடாது. பழைய சட்டத்தில் ஆண், பெண் என்று இருந்தது, இதில் பாலினம் என்றே இருப்பதால் திருநர்களுக்கும் இது பொருந்தும். வேலைக்கு எடுக்கும்போதும் வேலை நிபந்தனைகளிலும் பாகுபாடு கூடாது. சமமாக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆணின் சம்பளத்தைக் கீழே இறக்கிச் சரிக்கட்டவும் கூடாது, பெண்ணின் சம்பளத்தைத்தான் ஏற்ற வேண்டும். இது மேலதிகாரிகள், நிர்வாகிகள் வரைக்கும் பொருந்தும். தொழிலாளி என்றால் ஆலைக்காரர் மட்டும் என்று நினைத்து ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

"அதைப் போன்ற வேலை" என்றால் என்ன? முழு வழக்கும் இந்தச் சொல்லைச் சுற்றித்தான் நடக்கும். திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு இந்த நான்கும், வேலை நடக்கும் சூழலும் ஒத்திருக்க வேண்டும். சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருந்தால் அவை நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கவையா என்று பார்க்க வேண்டும். அனுபவம் இந்தப் பட்டியலில் இருப்பதால் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் சம்பளம் வேறாக இருப்பது குற்றமாகாது. பதவிப் பெயரை மாற்றி வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு உச்ச நீதிமன்றம் 1987-லேயே பதில் சொல்லிவிட்டது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் ஆட்ரி டி'கோஸ்டா என்பவர் சுருக்கெழுத்தாளர். பெண் சுருக்கெழுத்தாளர்களை அதிகாரிகளின் அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர் என்று தனி வகையாக்கி, ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் கொடுக்கிறோம் என்றது கம்பெனி, எங்களிடம் அவ்வளவு பணமும் இல்லை என்றது. இரண்டையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. என்ன வேலை உண்மையில் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டாலும் சட்டத்துக்கு மேலே போக முடியாது, முதலாளியின் பண நெருக்கடி சமமாகக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது என்று தீர்ப்பு வந்தது. சித்தாள், பெரியாள் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெயரை விடுங்கள், நாள் முழுக்க இருவரும் என்ன தூக்குகிறார்கள், எத்தனை நடை நடக்கிறார்கள்?

இன்னொரு நுணுக்கம். புதிய தொகுப்பு ஊதியம் என்பதிலிருந்து வீட்டு வாடகைப்படி, பயணப்படி, மிகைநேரப் படி போன்றவற்றை வெளியே வைக்கிறது. ஆனால் பாலினச் சமத்துவத்தைக் கணக்கிடும்போது இவற்றையும் உள்ளே சேர்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை ஒன்றாக வைத்துவிட்டுப் படிகளில் வித்தியாசம் காட்டும் வேலை அதனால் செல்லாது. ஆனால் கமிஷன் இந்தச் சேர்க்கையில் வரவில்லை, விற்பனைத் துறையில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஓட்டை.

இனி சட்டம் தொடாத இடங்கள். உண்மையான சண்டை இங்கேதான் இருக்கிறது.

முதலில், ஆண் ஒரு வேலை, பெண் வேறு வேலை என்று பிரித்துவிட்டால் 3-ஆவது பிரிவு கிட்டேயே வராது. வயலில் உழவு, மருந்தடிப்பது ஆண்களுக்கு, நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்களுக்கு. பனியன் கம்பெனியில் கட்டிங், அயர்னிங் பெரும்பாலும் ஆண்கள், செக்கிங், கைமடி பெரும்பாலும் பெண்கள். குனிந்த முதுகோடு சேற்றில் எட்டு மணி நேரம் நடவு நடுவது லேசான வேலை என்று யார் தீர்மானித்தது? 100-ஆவது உடன்படிக்கை கேட்பது "சம மதிப்புள்ள வேலைக்கு" சம ஊதியம், அதாவது வேலைகள் வேறாக இருந்தாலும் அவற்றின் மதிப்பை எடை போட்டுப் பார்க்க வேண்டும். நம் சட்டம் 1976-லும் சரி, 2019-லும் சரி, ஒரே வேலை அல்லது ஒத்த வேலை என்பதோடு நின்றுவிட்டது. இந்தக் குறையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு பலமுறை சுட்டிக்காட்டியும் மாறவில்லை. என்னைக் கேட்டால் புதிய தொகுப்பு எழுதியபோது கைநழுவிப்போன பெரிய வாய்ப்பு இதுதான். அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா பணியாளர் என்று பெண்களை வைத்தே நடக்கும் திட்டங்களில் மத்திய அரசு கொடுப்பதற்குப் பெயரே ஊதியம் கிடையாது, மதிப்பூதியம், ஊக்கத்தொகை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அடுத்தது பிள்ளைப்பேறு. 2023-ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் அமெரிக்காவின் இருநூறு வருடத் தரவுகளைத் தோண்டி எடுத்துக் காட்டியது இது: இன்றைக்கு அங்கே பெரும்பகுதி வித்தியாசம் ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, அது பெருமளவில் முதல் குழந்தை பிறந்த பிறகு உருவாகிறது. நேரம் காலம் பார்க்காமல் கூப்பிட்டதும் ஓடி வருகிறவருக்கு அதிகமாகக் கொடுக்கும் வேலைகளில் அம்மாக்கள் பின்தங்கிவிடுகிறார்கள். "அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டது" என்று சொல்லுபவர்கள் இங்கே ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும். 2024-ல் எடுத்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். சோறு வடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவரிடம் ஏன் இரவு எட்டு மணி மீட்டிங்குக்கு இருக்கவில்லை என்று கேட்டுவிட்டு, அதற்குத் தேர்வு என்று பெயர் வைப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

2017-ல் மகப்பேறு விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் ஈ.எஸ்.ஐ.க்குள் வராத பெண்ணுக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளியே கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகப்போகும் வயதுப் பெண்ணை எடுக்கத் தயங்கும் முதலாளிகள் இதைக் காரணமாகச் சொல்கிறார்கள். தயங்குவது பாகுபாடுதான், சட்டப்படி குற்றம்தான், ஆனால் நேர்காணல் அறைக்குள் நடப்பதை எப்படி நிரூபிப்பது? செலவை அரசும் பகிர்ந்துகொண்டால் அந்தச் சாக்காவது போகும்.

பதவி உயர்விலும் ஒரு சிக்கல். பழைய சட்டத்தில் 1987-ல் செய்த திருத்தம் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுத்தது. புதிய தொகுப்பில் "வேலை நிபந்தனைகள்" என்ற பொதுச் சொல்தான் இருக்கிறது. அதற்குள் பதவி உயர்வு வரும் என்று வாதாடலாம், வாதாட வேண்டியதில்லாமல் முன்பு எழுதியே இருந்தது என்பதுதான் வருத்தம்.

ஒப்பந்த வேலையும் அப்படித்தான். ஆண்கள் கம்பெனி ரோலில், பெண்கள் ஒப்பந்ததாரரிடம் என்று வைத்துவிட்டால் "முதலாளி வேறு" என்ற வாதம் உடனே கிளம்பும். அப்புறம் பழைய சம்பளம். வேலை மாறும்போது ஹெச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது. முதல் கம்பெனியில் நான்காயிரம் குறைவாகத் தொடங்கிய பெண்ணுக்கு அந்த நான்காயிரம் சதவீதக் கணக்கில் ஏறிக்கொண்டே அடுத்தடுத்த கம்பெனிக்கும் கூடவே வரும். இதைக் கேட்கக் கூடாது என்று இங்கே சட்டம் இல்லை. ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை, "இந்த வேலைக்கு நீங்கள் வைத்திருக்கும் சம்பளம் என்ன" என்று திருப்பிக் கேளுங்கள்.

சட்டம் வரும் இடத்தில் என்ன செய்வது? வேலை ஒன்று, முதலாளி ஒருவர், சம்பளம் மட்டும் வேறு என்றால், மத்திய அரசின் வரம்பில் வரும் ரயில்வே, வங்கி, சுரங்கம் போன்றவற்றுக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பிடமும், மற்றவற்றுக்கு மாநிலத் தொழிலாளர் துறையிடமும் போக வேண்டும். மனுவை நீங்களே கொடுக்கலாம், நீங்கள் உறுப்பினராக இருக்கும் பதிவுபெற்ற சங்கம் கொடுக்கலாம், ஆய்வாளரும் கொடுக்கலாம். தனியாகப் போனால் பழிவாங்குவார்கள் என்ற பயம் நியாயமானது, அதனால் முடிந்தவரை சங்கத்தின் வழியாகவோ பல பேர் சேர்ந்து ஒரே மனுவாகவோ போவதுதான் நல்லது, அதற்குத் தொகுப்பிலேயே இடம் இருக்கிறது. உரிய தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. குறைவாகக் கொடுத்ததற்கான அபராதம் முதல் முறை 50,000 ரூபாய் வரை. பழைய சட்டத்தில் முதல் முறையே சிறைத் தண்டனைக்கு வழி இருந்தது, இப்போது ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் செய்தால்தான் சிறை. பெரிய கம்பெனிக்கு 50,000 எம்மாத்திரம்?

மனுவுக்கு முன் கையில் சேர்க்க வேண்டியவை சம்பளச் சீட்டு, வேலை நியமன உத்தரவு, டியூட்டி பட்டியல், யாருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று காட்டும் மின்னஞ்சல்களும் வாட்ஸ்அப் செய்திகளும். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை, கேட்டு வாங்குங்கள். கூலி குறைந்திருக்கிறது என்ற கோரிக்கையில் உரியதைக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. ஆனால் பக்கத்து இருக்கை ஆண் எவ்வளவு வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டுமே, அதை அவர்தான் சொல்ல வேண்டும். சம்பளத்தைப் பற்றி வெளியே பேசாதே என்ற வழக்கத்தால் லாபம் அடைவது முதலாளி மட்டும்தான், ஆகவே இதைப் படிக்கும் ஆண்கள் தங்கள் சம்பளத்தைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. பங்குச் சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்கள் ஆண், பெண் பணியாளர்களின் இடைநிலைச் சம்பளத்தை, அதாவது எல்லாச் சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவதை, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் விதிப்படி ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டும். உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருந்தால் இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மாதச் சம்பளம் என்றால் ஒவ்வொரு மாதம் கழியும்போதும் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மாதத்துப் பாக்கி கைவிட்டுப் போகிறது.