‘லோ-கார்ப்’ என்று பெயர் வைத்தால் போதுமா? விருந்துக்கு இத்தாலிய சாலட் செய்பவர்களுக்கு ஒரு டயட்டீஷியனின் வேண்டுகோள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஐம்பத்திரண்டு வயது ஆசிரியை ஒருவர் கோயம்புத்தூரில் உள்ள என் ஆலோசனை அறைக்குக் கலங்கிய கண்களுடன் வந்தார். ஏழு மாதங்களாக ஒவ்வொரு வேளை உணவையும் அளந்து உண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவை 8.9 சதவீதத்திலிருந்து 7.1-க்குக் கொண்டுவந்தவர் அவர். முந்தைய நாள் நாத்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, குளுக்கோமீட்டர் 268 (mg/dL) காட்டியிருக்கிறது. “மேடம், நான் சோற்றைத் தொடவே இல்லை. இனிப்பு வைத்த பக்கம்கூடப் போகவில்லை. எனக்காகவே லோ-கார்ப், அதாவது மாவுச்சத்து குறைந்த, இத்தாலியன் சாலட் செய்து வைத்திருந்தார்கள். அதை மட்டும்தான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்” என்றார்.

அந்தச் சாலட்டின் படம் யாரிடமாவது இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். விருந்தில் எடுத்த படம் ஐந்து நிமிடத்தில் வந்தது. பெரிய கண்ணாடிக் கிண்ணம். மேலே லெட்டூஸ் இலை, செர்ரி தக்காளி, கறுப்பு ஆலிவ். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இலைகளுக்கு இடையில் சுருள் பாஸ்தா தெரிந்தது, அதன் அடியில் மஞ்சள் மஞ்சளாக ஸ்வீட் கார்ன் தெரிந்தது, மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டுகள் தூவப்பட்டிருந்தன. சாலட்டின் மேல் ஊற்றிக் கலக்கும் டிரெஸ்ஸிங் பாட்டிலின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சேர்மானப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து இருந்தது சர்க்கரை. இதற்கு மேல், “காரம் சற்றுக் கூடிவிட்டது” என்று இரண்டு மூன்று கரண்டி தேனும் கலந்ததாக அந்த நாத்தனார் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடந்த மூன்று மாதங்களில் இதே வகையில் என்னிடம் வந்தவர்களில் அந்த ஆசிரியை நான்காமவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கை இதுதான்: “இனிக்கவில்லை, பச்சைக் காய்கறிதான், ஆகவே இதில் சர்க்கரை ஏறாது.” நாக்குக்கு இனிப்பது வேறு, இரத்தத்தில் குளுக்கோஸாக மாறுவது வேறு. பாஸ்தா இனிப்பதில்லை, ஆனால் உலர்ந்த பாஸ்தாவின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாவுச்சத்து. வறுத்த ரொட்டித் துண்டு உப்பாகத்தான் இருக்கிறது; அதிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து. வேகவைத்த ஸ்வீட் கார்ன் 100 கிராமில் சுமார் 20 கிராமும், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 27 கிராமும் இருக்கின்றன. கடலையில் நார்ச்சத்தும் புரதமும் உண்டு என்பதால் அதை நான் பகையாகப் பார்ப்பதில்லை. ஆனால் அதைக் கொட்டிய கிண்ணத்துக்கு ‘லோ-கார்ப்’ என்று பெயர் வைக்கக் கூடாது. மறுபக்கம், லெட்டூஸ், வெள்ளரி, தக்காளி ஆகியவற்றில் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம்தான் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் முக்கால் பங்கு இலையாக இருந்தாலும், மீதிக் கால் பங்கு பாஸ்தாவும் ரொட்டியுமாக இருந்தால், அந்தக் கால் பங்குதான் உங்கள் சர்க்கரை அளவைத் தீர்மானிக்கிறது. கண்ணுக்கு இலைதான் பெரிதாகத் தெரிகிறது. எடையிலும் மாவுச்சத்திலும் அது மிகச் சிறியது.

அந்த வீட்டுச் சாலட்டை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது பேருக்கான கிண்ணத்தில் உலர்ந்த பாஸ்தா அரை கிலோ, ஸ்வீட் கார்ன் அரை கிலோ, ரொட்டித் துண்டுகள் கால் கிலோ, தேன் ஏறத்தாழ 100 கிராம். இவை மட்டுமே ஒருவருக்குச் சுமார் 36 கிராம் மாவுச்சத்தைத் தருகின்றன. காய்கறியில் உள்ளதையும் சேர்த்தால் 45 கிராமை எட்டுகிறது. கிட்டத்தட்ட நான்கு இட்லியின் அளவு. பாட்டில் டிரெஸ்ஸிங்கில் உள்ளதை இதில் சேர்க்கவில்லை. ஆசிரியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நான்கு இட்லி என்று தெரிந்திருந்தால் இரண்டோடு நிறுத்தியிருப்பார். அந்தக் கட்டுப்பாடு அவரிடம் இருக்கிறது. சாலட் என்ற பெயர்தான் அவருடைய கவனத்தைத் தளர்த்தியது.

‘இத்தாலிய சாலட்’ என்றாலே மாவுச்சத்து குறைவு என்ற எண்ணமும் தவறு. டஸ்கனி மாநிலத்தின் பான்சனெல்லா, காய்ந்த ரொட்டியை நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயத்துடன் கலந்து செய்வது. அதில் ரொட்டிதான் முதன்மை. கோடையில் இத்தாலிய வீடுகளில் செய்யும் ‘இன்சலாத்தா தி ரீசோ’ குளிர்ந்த சோற்றுச் சாலட். காப்ரி தீவின் பெயரைக் கொண்ட கப்ரேசே மட்டும் தக்காளி, மொசரெல்லா சீஸ், பேசில் இலை, ஆலிவ் எண்ணெய் என்று இயல்பாகவே மாவுச்சத்து குறைந்தது. (நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் அந்தப் பேசிலும் ஒரே தாவர இனம்தான், மணம் மாறுபடும் என்பதால் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.) ஆகவே பெயரை நம்பாமல், உள்ளே என்ன போகிறது என்பதைப் பாருங்கள்.

பாட்டிலில் வரும் ‘இத்தாலியன் டிரெஸ்ஸிங்’ அமெரிக்கக் கடைகளில் வளர்ந்த பொருள். இத்தாலியில் எண்ணெயும் வினிகரும் உப்பும் மேசைக்கு வரும். அவரவர் இலையின் மேல் அப்போதே ஊற்றிக் கலந்துகொள்வார்கள். பாட்டில் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், முன்பக்கத்தில் உள்ள பச்சை இலைப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவிலிருந்து எடுக்கும் ஒரு தூள்) ஆகியவை பட்டியலின் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் வந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். ‘கொழுப்பு இல்லாதது’ என்று எழுதியவற்றைக் குறிப்பாகச் சோதியுங்கள், ஏனென்றால் எண்ணெயை எடுத்த இடத்தில் சுவைக்காகவும் கெட்டித்தன்மைக்காகவும் பல நிறுவனங்கள் சர்க்கரையையும் மாவையும் சேர்க்கின்றன. ஒரு முறை ஊற்றிக்கொள்ளும் அளவு 15 கிராம் என்று போட்டிருப்பார்கள்; விருந்தில் யாரும் 15 கிராம் ஊற்றிக்கொள்வதில்லை. பால்சாமிக் வினிகர் திராட்சைச் சாற்றிலிருந்து வருவதால் ஒரு மேசைக்கரண்டியில் 2 முதல் 3 கிராம் மாவுச்சத்து இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் ‘பால்சாமிக் கிளேஸ்’ என்று கெட்டியாகக் கறுப்புப் பாகுபோல வருவதில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. வெயிலில் உலர்த்திய தக்காளியும் அப்படித்தான்: தண்ணீர் போய்விட்டதால் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து.

நான் என் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் அளவு இது. இருபது பேருக்கு: லெட்டூஸ் ஒன்றரை கிலோ, வெள்ளரி ஒரு கிலோ, தக்காளி ஒரு கிலோ, குடைமிளகாய் அரை கிலோ, வெங்காயம் 200 கிராம், ஆலிவ் 250 கிராம், மொசரெல்லா அரை கிலோ. டிரெஸ்ஸிங்குக்கு ஆலிவ் எண்ணெய் 225 மில்லி, சிவப்பு ஒயின் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு 75 மில்லி, மிளகுத்தூள், உலர்ந்த ஓரிகானோ, நசுக்கிய பூண்டு இரண்டு பல். ஒருவருக்கு மொத்தம் சுமார் 10 கிராம் மாவுச்சத்து வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு நார்ச்சத்து. எண்ணெய் மட்டும் ஒருவருக்கு ஏறத்தாழ 100 கலோரி தருகிறது என்பதால், “லோ-கார்ப் தானே” என்று எண்ணெயை அளவில்லாமல் ஊற்ற வேண்டாம். இதையே முழு உணவாகச் சாப்பிடப் போகிறவருக்கு அவித்த முட்டையோ, சுட்ட கோழியோ, பனீரோ கூடச் சேர்த்துக் கொடுங்கள். வெறும் இலையைத் தின்று ஒரு மணி நேரத்தில் பசித்து ஜிலேபித் தட்டைத் தேடிப் போனவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது, யாரும் நினைத்துப் பார்க்காத எதிர்ப்பக்க ஆபத்து. சாலட் உண்மையிலேயே மாவுச்சத்து குறைந்ததாக இருந்தால், அதை உண்பவர் என்ன மாத்திரை போட்டிருக்கிறார் என்பது முக்கியம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகளையோ சாப்பாட்டுக்கு முன் இன்சுலினையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு, வழக்கமான சோற்றுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் இலையை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அறுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர் மணிவிழா ஒன்றில் இப்படித்தான் நாற்காலியிலேயே வியர்த்துச் சரிந்தார். சுற்றியிருந்தவர்கள் மாரடைப்பு என்று பதறினார்கள். அவருடைய மனைவிதான் கையைத் தொட்டுப் பார்த்துச் சில்லிட்டிருப்பதை உணர்ந்து, மீட்டரில் 52 என்று கண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனை.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமையும், 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமையும் இந்தியாவில் முடிந்த பிறகு விலை குறைந்து, இப்போது மிகப் பலருடைய மருந்துச் சீட்டில் இவை இருக்கின்றன. இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், மீட்டரில் சர்க்கரை 250-க்குக் கீழே, சில சமயம் இயல்பாகவே காட்டும்போதும், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 மே மாதத்திலேயே இதை எச்சரித்தது. ஒரு விருந்தில் ஒரு வேளை சாலட் சாப்பிடுவதால் இது வந்துவிடாது. ஆனால் விருந்தில் சுவை பிடித்துப்போய் “இனி மூன்று வேளையும் இதுதான்” என்று மறுநாள் முதல் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்கும் முன் மருந்து எழுதிய மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஏற்பட்டால், “சுகர் நார்மல்தான்” என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊறவைத்த பச்சை ஆலிவ் 100 கிராமில் ஒன்றரை கிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 2 கிராமுக்குக் கீழே. ஆலிவைத் தண்ணீரில் அலசிப் போடுங்கள், டிரெஸ்ஸிங்கில் தனியாக உப்பு சேர்க்காதீர்கள். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் சலாமி, பெப்பரோனி ஆகிய பதப்படுத்திய இறைச்சிகளில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்துவிட்டது. அவை இல்லாமலே இந்தச் சாலட் நன்றாக இருக்கும்.

கூட்டத்துக்குச் செய்யும்போது சுத்தத்தில் சமரசம் கூடாது. ஊட்டியிலிருந்து வரும் லெட்டூஸில் மண் இருக்கும். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, குடிநீரில் இரண்டு மூன்று முறை அலசி, துணியில் முழுக்க உலர்த்துங்கள், ஈரம் இருந்தால் டிரெஸ்ஸிங் ஒட்டாது. கோழி வெட்டிய பலகையில் வெள்ளரி வெட்டாதீர்கள். முட்டை, கோழி, சீஸ் கலந்த கிண்ணத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் நாளில், அதாவது நம் ஊரில் ஆண்டின் பல மாதங்களில், ஒரு மணி நேரம்தான் எல்லை. பூண்டை எண்ணெயில் ஊறவைத்து ஒரு வாரம் அடுப்பங்கரை அலமாரியில் வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். 1985-இல் கனடாவின் வான்கூவரில் அப்படிப்பட்ட பூண்டு எண்ணெயால் 36 பேருக்குப் பாட்டுலிசம் என்ற, நரம்புகளை முடக்கும் உணவு நச்சு நோய் வந்தது. அன்றன்றைக்குத் தேவையானதை அன்றே நசுக்குங்கள்.

விருந்து வைப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாஸ்தா வேண்டுமா, செய்யுங்கள். குழந்தைகள் ஆசையாகச் சாப்பிடுவார்கள். அதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ரொட்டித் துண்டுகளையும் டிரெஸ்ஸிங்கையும் தனித்தனியாக வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். சாலட் கிண்ணத்தின் அருகே ஒரு சிறு அட்டையில், உள்ளே போட்ட ஒவ்வொரு பொருளையும் கையால் எழுதி வையுங்கள். அந்த ஆசிரியையின் நாத்தனார் இப்போது அப்படித்தான் செய்கிறார்; சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஆசிரியை எனக்கு அனுப்பிய மீட்டர் படத்தில் 138 இருந்தது, அந்த அட்டையின் படமும் கூடவே வந்திருந்தது.