எடை திரும்ப ஏறினால் வாயைக் குற்றம் சொல்லாதீர்கள்

"இவளுக்கு வாயைக் கட்டத் தெரியல டாக்டர்" என்றார் கணவர், மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே. அந்தப் பெண் கிட்டத்தட்ட பட்டினி என்று சொல்லத்தக்க ஒரு டயட்டில் மூன்றே மாதத்தில் 12 கிலோ குறைத்தவர். அடுத்த ஒன்றரை வருடத்தில் 15 கிலோ ஏறிவிட்டது. பேசி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. ஹார்மோன் மருத்துவர்கள் எல்லோருக்கும் இது பழகிப்போன காட்சி. ஆளுக்கு ஆள் தனியாக விளக்கிச் சலித்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

உடம்பில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதை மூளை ஓயாமல் கண்காணிக்கிறது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கொழுப்பு கூடினால் ரத்தத்தில் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸில் பசியைத் தூண்டும் நரம்பணுக்களும் அடக்கும் நரம்பணுக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. லெப்டினும் இன்சுலினும் முதல் வகையை அமர்த்தி, இரண்டாவதைக் கிளப்பிவிடும். இது நீண்டகாலக் கணக்கு. ஒவ்வொரு வேளைக்குமான கணக்கு வேறு. வயிறு காலியானால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், சாப்பாடு குடலில் இறங்கியதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களும், வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வேகஸ் நரம்பும் 'போதும்' என்று சொல்லும். பாடம் இந்த அளவு போதும்.

இப்போது எனக்கு எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். எடை என்பது முழுக்க மனவுறுதி சம்பந்தப்பட்டது என்ற நம்பிக்கை.

லெப்டின் 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து, பிறவியிலேயே லெப்டின் சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் ஒரு சிறுமி 8 வயதில் 86 கிலோ இருந்தாள். எவ்வளவு கொடுத்தாலும் அவளுக்குப் பசி அடங்கவில்லை. தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்தபின் பசி தணிந்தது, ஒரே வருடத்தில் 16 கிலோ இறங்கியது. அந்த ஊசியில் யாரும் மனவுறுதியைக் கலந்து கொடுக்கவில்லை. இல்லாத ஹார்மோன் கிடைத்தது, அவ்வளவுதான்.

'அப்படியானால் எனக்கும் லெப்டின் ஊசி போடுங்கள்' என்று கேட்காதீர்கள். பருமனாக இருக்கும் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம்தான். மூளை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் எடையைக் குறைத்ததும் லெப்டின் சரிந்தால், அதை மட்டும் உடனே கவனித்துவிடும். அதன் கணக்கில் அது பஞ்சம். பசியைக் கூட்டுகிறது, உடம்பின் கலோரிச் செலவைக் குறைக்கிறது. எடையில் பத்து சதவீதம் குறைந்தவர்களின் உடல், அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவான கலோரியே எரிக்கிறது என்று 1995-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். டயட் முடிந்து ஒரு வருடம் ஆனபிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்று 2011-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. எடை குறைப்பதற்கென்றே அமெரிக்காவில் நடந்த டிவி போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவு.

உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டவர் தண்ணீர் கேட்டால், தாகத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்றா திட்டுவோம்? பசியும் அதே ஹைபோதலாமஸ் தரும் உத்தரவுதான். மருந்துச் சீட்டின் கடைசியில் 'எடையைக் குறைக்கவும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடும் சக மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, எல்லாம் மூளை செய்வது என்றால் நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் தப்பு. 2019-இல் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவில் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. ஆட்கள் அவர்களேதான். பசியோடு மல்லுக்கட்டுவதைவிட என்ன வாங்கி வீட்டில் வைக்கிறோம் என்பதை மாற்றுவது சுலபம். இனிப்புப் பானங்களை முதலில் நிறுத்துங்கள். திரவமாகப் போகும் சர்க்கரை வயிற்றை நிறைத்த உணர்வைச் சரியாகத் தருவதில்லை. அப்புறம், ஒழுங்காகத் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

கிராஷ் டயட் வேண்டாம், தயவுசெய்து. ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கும். அதைக் குறைத்து, தக்கவைத்துக்கொள்ளுங்கள், போதும். எடை ஏறத் தொடங்கினால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் முதல் இரண்டு கிலோவிலேயே வாருங்கள்.

தைராய்டு நன்றாக இருக்கும்போது எடைக்காகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களை என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். பசியை அடக்கி எடையைக் குறைக்கும் செமாக்ளுடைடு போன்ற ஊசிகளைத் தோழி போட்டுக்கொண்டாள் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஆய்வு இருக்கிறது. அதற்காக மருந்தே மோசடி என்றும் கிளம்பாதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறத்தானே செய்யும்?

வேறு நோய்க்காகச் சாப்பிடும் மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, மனநல மருந்துகளில் ஒலான்சபின், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், இன்சுலின் எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்தினால் ஆபத்து, எழுதித் தந்தவரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் அவசரப்படுங்கள். கைக்குழந்தையிலிருந்தே பசி அடங்காமல் எடை ஏறினாலும், எடை ஏறும்போது உயரம் கூடாமல் நின்றுவிட்டாலும், எடையோடு தலைவலியும் பார்வைக் குறைவும் சேர்ந்து வந்தாலும் 'வளர வளரச் சரியாகும்' என்று காத்திருக்காதீர்கள். மரபணுக் கோளாறாக இருக்கலாம், ஹைபோதலாமஸ் பக்கத்தில் கட்டியாகவும் இருக்கலாம். பள்ளியில் குறித்த பழைய உயரம், எடை அளவுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொண்டு அழைத்து வாருங்கள்.